முதல் ரிவால்வரைத் தேடும் மருமகனுக்கு



உன் மின்னஞ்சல் கிடைத்தது. குடியுரிமை வந்துவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, அதில் ஒரு பழைய கோல்ட் பைத்தான் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

பைத்தான் மோசமான துப்பாக்கி என்று சொல்லவில்லை. 1955இல் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து அது வெளிவந்தபோது இருந்த மெருகுக்கு ஈடு சொல்ல அமெரிக்க ரிவால்வர்களில் வெகு சிலவே உண்டு. ஆனால் அதை வாங்குவதற்கு முன் கண் பழக வேண்டும். எது தொழிற்சாலை போட்ட மெருகு, எது பின்னால் பூசியது, எந்த ஸ்குரூவை யார் தொட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். விலை ஏறிய பொருளைச் சுற்றித்தான் பூசி மெழுகிய சரக்கு சேரும். பழகாத கண்ணோடு போய்ப் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வருவதைவிட, முதலில் ஒரு எளிய துப்பாக்கியை வாங்கி அதைத் தலைகீழாகப் படி.

அந்த எளிய துப்பாக்கி எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1899இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் செய்யத் தொடங்கினார்கள். .38 ஸ்பெஷல் தோட்டாவும் அதனுடன் சேர்ந்து வந்ததுதான். 1957இல் கம்பெனி தன் ரிவால்வர்களுக்கு எண் வைத்தபோது இதற்கு 10 என்று விழுந்தது. இதுவரை அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த நாட்டுப் போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கியது இதுவோ இதன் போட்டியான கோல்ட் அஃபிஷியல் போலீஸோதான். 1980களில் போலீஸ் துறைகள் ஒவ்வொன்றாக 9 எம்எம் பிஸ்டலுக்கு மாறியபோது, பழைய ரிவால்வர்கள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல, நாள் முழுக்க உறையில் இருந்து வெளித்தோற்றம் தேய்ந்தவை. உள்ளே அதிகம் சுடப்படாதவை. குழல் முனையிலும் சிலிண்டர் விளிம்பிலும் தோலுறை உரசி நீலம் போயிருக்கும். இயந்திரமோ புத்தம்புதிதாக ஓடும். இப்படிப்பட்ட ஒன்று உனக்குப் போதும்.

கன் ஷோவில் மேசைமேல் ஒன்று கண்ணில் பட்டால், முதலில் விற்பவரிடம் அனுமதி கேள். கையில் எடுத்தவுடன் குழல் யார் பக்கமும் திரும்பாமல் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலியா என்று பார். அவர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்; இருந்தாலும் நீயும் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் திறந்தபடியே கொடு. திறந்த சிலிண்டரை சினிமாவில் செய்வதுபோல மணிக்கட்டை உதறி மூடிவிடாதே. அதைத் தாங்கும் கை வளைந்து, ஆறு அறைகளும் குழலுக்கு நேர்கோட்டில் நிற்பது கெட்டுப்போகும். ஒருவர் அப்படி மூடுவதைப் பார்த்தாலே பழைய சேகரிப்பாளர்கள் துப்பாக்கியைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் செய்வது சரி.

அடுத்து, அனுமதியோடு சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழு. இன்னொரு விரலால் சிலிண்டரை லேசாகத் தடவித் தடை கொடு. சுத்தியல் முழுதாக நிற்பதற்கு முன் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இப்படியே பார். ஐந்து சரியாகப் பூட்டி ஆறாவது தவறும் துப்பாக்கிகள் உண்டு. இழுத்து நிறுத்திய சுத்தியலைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளிப் பார். டிரிக்கரைத் தொடாமலே அது விழுமானால், உள்ளே யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். கீழே வைத்துவிடு. குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னாலிருந்து பார்த்தால், உள்ளே சுழன்றோடும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துருவின் குழிகள் உண்டா என்பது தெரியும்.

எண்களையும் பார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் கைப்பிடியின் அடியில் இருக்கும் வரிசை எண்ணே சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியிலும், வலப்பக்க மரக் கைப்பிடியின் உட்புறத்திலும் இருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் அந்தத் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். 1957க்குப் பிந்தையதானால் சிலிண்டரைத் திறந்ததும் சட்டத்தின் உட்புறம் மாடல் எண் தெரியும். '10-5' என்று இருந்தால், அந்த 5 ஒரு பொறியியல் மாற்றத்தின் அடையாளம். இந்தச் சிறு எண்ணை வைத்தே தயாரித்த காலத்தை நெருங்கிவிடலாம். ஜிம் சுபிகாவும் ரிச்சர்ட் நஹாஸும் எழுதிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையேட்டை வாங்கிக்கொள். துப்பாக்கிக்கு முன் புத்தகம் வாங்கு. அதில் போன பணம் எத்தனையோ மடங்காகத் திரும்பி வரும்.

இப்போது மெருகைப் பற்றி. இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நல்ல பழைய ரிவால்வரின் நீலம் பெயிண்ட் அல்ல. எஃகைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, பிறகு சூளையில் சூடேற்றி வரவைக்கும் நிறம் அது. நீலத்தின் ஆழம் முழுக்க அடியில் இருக்கும் தேய்ப்பைப் பொறுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஹார்ட்ஃபோர்டிலும் தேய்ப்பதற்கென்றே பல ஆண்டு பழகிய கைகள் இருந்தன. விளிம்பை விளிம்பாகவே விட்டு, சமதளத்தைச் சமதளமாகவே மெருகேற்றுவது அவர்கள் திறமை. பின்னாளில் ஒருவர் துருவைப் போக்க மீண்டும் தேய்த்து நீலம் ஏற்றினால் அந்தக் கூர்மை போய்விடும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஸ்குரூத் துளையைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். பக்கத் தகட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் நேராக ஓட வேண்டிய ஒளிக்கோடு அலைபோல நெளியும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் சுத்தியலும் டிரிக்கரும் பொதுவாகத் தொழிற்சாலையில் நீலம் ஏற்றப்படுவதில்லை. கடினப்படுத்தும்போது வந்த பழுப்பும் சாம்பலும் கலந்த வண்ணத் திட்டுகளோடு இருக்கும். அவையும் பளபளவென்று நீலமாக இருந்தால் வெளியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்.

ஆகவே நீ வாங்கும் துப்பாக்கியில் நீலம் பாதி போயிருந்தாலும் அப்படியே விடு. புதிதாக்கிக் கொடுக்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதே. போன நீலம் அதன் உழைப்பின் கணக்கு. மறுபடி பூசினால் அழகும் வராது, மதிப்பும் பெரும்பாலும் சரிபாதிக்குக் கீழே போய்விடும், அந்தக் கணக்கும் அழிந்துவிடும். எண்ணெய் தொட்ட துணியால் துடை. கைவியர்வை பட்ட அன்றே துடை. தோலுறைக்குள் வைத்துச் சேமிக்காதே, தோல் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொடுக்கும். நிக்கல் முலாம் பூசியதானால் அமோனியா கலந்த கரைசலில் ஊறவைக்காதே, முலாம் உரிந்த இடத்தில் உள்ளே புகுந்து, அடியில் செம்பு இருந்தால் அதை அரிக்கும். ஸ்குரூவைத் திருப்ப அதன் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் திருப்பவே வேண்டாம்.

ஒரு துப்பாக்கியை அறிவது என்றால் அது யாருக்கு எதிராகத் திரும்பியது என்பதையும் சேர்த்து அறிவதுதான். சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய முதல் கம்பெனி 1842இல் மூடப்பட்டது. அவரை மறுபடி தூக்கிவிட்டது டெக்சாஸ். 1844இல் ஜாக் ஹேஸ் தலைமையில் சுமார் பதினைந்து ரேஞ்சர்கள் பேட்டர்சன் ரிவால்வர்களோடு கமான்சிப் பழங்குடி வீரர்களின் பெரிய கூட்டத்தை எதிர்கொண்டார்கள். அதுவரை ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிக்கும் நேரத்தில் கமான்சிகள் அம்புகளைப் பொழிந்துவிடுவார்கள். அன்று சுடுவது நிற்கவில்லை. அந்தச் சண்டையில் இருந்த சாமுவேல் வாக்கர் பின்னர் கோல்ட்டோடு சேர்ந்து வடிவமைத்ததுதான் 1847இன் வாக்கர் கோல்ட்: .44 அளவு, இரண்டு கிலோவுக்கும் மேல் எடை, மொத்தம் ஏறக்குறைய 1,100 மட்டுமே செய்யப்பட்டவை. கோல்ட்டிடம் அப்போது சொந்தத் தொழிற்சாலை இல்லை. கனெக்டிகட்டில் எலி விட்னி ஜூனியரின் ஆலையில் செய்வித்தார்.

அதன் சிலிண்டரைச் சுற்றி ஒரு காட்சி பொறித்திருக்கும். குதிரைமேல் ரேஞ்சர்கள் துரத்துகிறார்கள், கமான்சிகள் ஓடுகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தச் செதுக்கல் அபாரமான வேலைப்பாடு. அது தம் நிலத்தைக் காத்து நின்ற ஒரு மக்கள் தோற்கத் தொடங்கிய நாளின் படமும்கூட. இரண்டையும் ஒன்றாகவே பார். வேலைப்பாட்டை வியந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுகிற சேகரிப்பாளர் பாதித் துப்பாக்கியைத்தான் வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

1873இன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய். சுத்தியலை இழுக்கும்போது வரும் நான்கு 'கிளிக்' ஓசையைக் கேட்காமல் இந்தத் துறையில் யாரும் முழுமையாவதில்லை. ஆனால் அது வசதி வந்த பிறகு. அதிகம் போலி செய்யப்படும் அமெரிக்கத் துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. 1876இல் தளபதி கஸ்டரோடு மடிந்த 7ஆம் குதிரைப் படை வீரர் ஒருவருடையது என்று கதை சொல்லி யாராவது ஒன்றை நீட்டினால், கதைக்குக் காசு கொடுக்காதே. அந்த வரிசை எண்ணுள்ள துப்பாக்கி எந்த வடிவில் எங்கே அனுப்பப்பட்டது என்று கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. காகிதம் பேசட்டும்.

நம் வீட்டுக்கு நெருக்கமான ஒரு சங்கதி எம்1911இல் இருக்கிறது. யூட்டா மாநிலம் ஆக்டனில் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல், 6,000 தோட்டா சுட்ட சோதனையில் ஒருமுறைகூடச் சிக்காமல் தேறி, 1911 மார்ச் 29இல் ராணுவத்துக்குள் வந்தது. 1985 வரை அதுவே அதிகாரப்பூர்வ பிஸ்டல். இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் மட்டும் செய்து மாளவில்லை. அப்போது அரசு யாரிடமெல்லாம் கொடுத்தது தெரியுமா? உன் தாத்தா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தட்டிப் பழகியது ஒரு ரெமிங்டன். அந்தப் பெயரைத் தாங்கிய ரெமிங்டன் ராண்ட்தான் சிரக்யூஸில் எட்டு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து, போர்க்கால 1911 தயாரிப்பில் முதலிடம் பிடித்தது. ரயில்வே சிக்னல் செய்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் செய்தது. உன் பாட்டி மிதித்துத் தைத்த சிங்கர் தையல் மெஷின் கம்பெனியும் செய்தது. ஆனால் வெறும் 500. அந்த ஐந்நூறில் ஒன்று உண்மையாகக் கிடைத்தால் ஒரு வீட்டின் விலை பேசுவார்கள், அதனாலேயே போலி சிங்கர்கள் சந்தையில் உலவுகின்றன.

எல்லாக் கம்பெனிகளின் உதிரிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பது அரசின் கட்டளை. அதனால் ராணுவப் பட்டறைகளில் பழுதுபார்த்தபோது கோல்ட் சட்டத்தில் ரெமிங்டன் ராண்ட் ஸ்லைடு ஏறியது. இப்படிக் கலந்த பிஸ்டலைப் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது மதிப்பிற்குரியது. போரில் உழைத்து, பட்டறைக்குப் போய், மறுபடி உழைத்தது. போன மாதம் யாரோ ஒருவர் விலைக்காகப் பொருத்திவிட்டு 'அசல்' என்று விற்பதுதான் குற்றம். இன்று அரசின் கையிருப்பிலிருந்து சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு சோதனைக்குப் பின் இவற்றை விற்கிறது. உன் இரண்டாவது துப்பாக்கி அங்கிருந்து வரட்டும்.

வாங்கியதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதே. சுடக்கூடியதைச் சுட வேண்டும். மாடல் 10க்கு 148 கிரெயின் வாட்கட்டர் தோட்டா வாங்கு. மெல்ல உதைக்கும், தட்டையான அதன் தலை, தாளில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமான ஓட்டை போடும். ஒரு பெட்டியை ஒரு முழு மாலைக்கு வைத்துக்கொள். ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை நிறுத்தி, முன்குறியை மட்டும் பார்த்து, டிரிக்கரைத் தொடர்ந்து ஒரே சீராக இழு. பழைய ஸ்மித்தின் டிரிக்கர் கண்ணாடித் தண்டு முறிவதுபோல விடும் என்று சொல்வார்கள். அன்றைக்குத்தான் அது உனக்குப் புரியும். .22இல் பழக வேண்டுமானால் கே-22 ரிவால்வரோ, 1949இல் பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 37.50 டாலருக்கு விற்கத் தொடங்கிய ரூகர் ஸ்டாண்டர்டு பிஸ்டலோ தேடு. அதில் முதலில் இருந்த சிவப்புக் கழுகுச் சின்னம், 1951இல் ஸ்டர்ம் இறந்த பிறகு கறுப்பானது.

எதைச் சுடக்கூடாது, எப்படிச் சுடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1900க்கு முந்தைய கோல்ட்களில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டா போடாதே. அவை கரிமருந்துக் காலத்தவை. பழைய சிங்கிள் ஆக்‌ஷனில் ஐந்து தோட்டாதான், சுத்தியல் காலி அறைமேல் நிற்க வேண்டும். தோட்டாமேல் நின்றால், கீழே விழும்போது வெடிக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் போர்க்கால விக்டரி மாடல் ரிவால்வரில் 1944இல் இப்படி ஒரு துயரம் நடந்தது: கப்பல் தளத்தில் விழுந்த ஒன்று தானே வெடித்து ஒரு மாலுமியைக் கொன்றது. அதன் பிறகே கம்பெனி புதிய சுத்தியல் தடுப்பை வைத்தது. வரிசை எண்ணுக்கு முன் 'எஸ்வி' என்ற எழுத்துகள் இருந்தால் தடுப்பு உண்டு, 'வி' மட்டும் இருந்தால் கவனம். பிரிட்டனுக்குப் போய்த் திரும்பிய விக்டரிகள் சிலவற்றில் அறைகளை .38 ஸ்பெஷலுக்காகக் குடைந்திருப்பார்கள். சுட்ட வெற்றுத் தோட்டா வீங்கி வெளியே வந்தால் அது அப்படிப்பட்டது. 1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன்களுக்குக் கம்பெனியே இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் செய்து, கழற்றிய பழைய உதிரிகளையும் கூடவே அனுப்பிவிடும். அந்தப் பொட்டலத்தைத் தொலைத்துவிடாதே.

சட்டம். கைத்துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் வாங்குமுன் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வேண்டும். வேறு மாநிலக் கன் ஷோவில் பிடித்ததைக் கையோடு கொண்டுவர முடியாது. உன் ஊர் டீலருக்கு அனுப்பச் செய்து, அங்கே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் வாங்க வேண்டும். சேகரிப்பாளருக்கென்று மத்திய அரசு ஒரு தனி லைசென்ஸ் தருகிறது: மூன்று ஆண்டுக்கு 30 டாலர், ஐம்பது ஆண்டு பழமையான துப்பாக்கிகளை மாநிலம் தாண்டியும் நேரடியாக வாங்கலாம், வந்ததையும் போனதையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உன் மாநிலச் சட்டம் அதற்கு மேலும் கட்டுப்படுத்தலாம், விசாரித்துக்கொள்.

இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது. உன்னோடு அறையில் இருப்பவர்கள் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். 'ஒரு தடவை சுட்டுப் பாருடா' என்று நீ ஆசையாகக் கொடுப்பது அவன் விசாவையே, அதற்கு மேலும், பறித்துவிடலாம். வக்கீலைக் கேட்காமல் யாரையும் ரேஞ்சுக்கு அழைத்துப் போகாதே.

உன் அம்மா, என் அக்கா, என்னிடம் போனில் நெடுநேரம் பேசினாள். அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளாதே. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்பவர்கள். அதில் படித்தவர்கள் உண்டு, நல்ல வேலையில் இருந்தவர்கள் உண்டு, வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆகவே முதல் செலவு இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது. தோட்டா தனிப் பெட்டியில், தனிச் சாவியில். அக்கா அத்தான் வந்து தங்கும்போதும், நண்பர்களின் குழந்தைகள் வரும்போதும் இதில் தளர்வு கிடையாது. வேலை போனாலும், மனது உடைந்தாலும், இரவுகள் நீண்டாலும் எனக்கு போன் செய். எந்த நேரமானாலும் பரவாயில்லை. நான் அன்றே புறப்பட்டு வருவேன். பெட்டியின் சாவி, மனம் தெளியும்வரை உன்னிடம் இருக்க வேண்டாம். 988 என்ற எண்ணில் இரவும் பகலும் பேச ஆள் இருக்கிறார்கள் என்பதையும் மனதில் வை.

நவம்பரில் ஓக்லஹோமாவின் டல்சாவில் பெரிய ஆயுதக் கண்காட்சி. நாலாயிரத்துக்கும் மேல் மேசைகள் போடுவார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வா. சின்ன டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொண்டு வா, பணம் கொண்டு வராதே. இரண்டு நாளும் மாடல் 10களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதற்குள் இரும்புப் பெட்டியைப் பொருத்தி முடித்து, அதன் படத்தை எனக்கு அல்ல, அக்காவுக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா